ஆண்டி ஃபாரெல் எப்படிப் பயிற்சியாளர் ஆனார்?

ரக்பி லீக் ஆட்டக்காரராகப் புகழ்பெற்ற ஆண்டி ஃபாரெல், ரக்பி யூனியனில் இங்கிலாந்துக்காக ஆடியது எட்டே ஆட்டங்கள். அப்படியிருக்க, யூனியனில் அயர்லாந்து அணியையும் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து ஆட்டக்காரர்கள் சேர்ந்து ஆடும் பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸ் அணியையும் நடத்தும் பயிற்சியாளராக அவர் எப்படி உயர்ந்தார், ஆட்டக்காரராக ஈட்டிய பெயர்தான் காரணமா, இனி வரும் லீக் ஆட்டக்காரர்களுக்கும் அந்த வழி திறந்திருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். பெயரால் முதல் வாய்ப்பு கிடைத்திருக்கலாம் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் நான் பார்த்தவரையில், அவர் வென்ற கோப்பைகளைக் காட்டிலும், சொந்த ஊரான விகனின் லீக் அணியில் பந்து கையில் இல்லாத நேரத்தில் அவர் செய்து பழகிய வேலையும், முப்பது வயதுக்குமேல் பட்ட தடுமாற்றமும்தான் அவரைப் பயிற்சியாளராக்கின.

ரக்பி என்ற பெயரில் இரண்டு ஆட்டங்கள் இருப்பது நம்மவர் பலருக்குத் தெரியாது என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வட இங்கிலாந்தின் பஞ்சாலை ஊர்களிலும் நிலக்கரிச் சுரங்க ஊர்களிலும் ரக்பி ஆடியவர்கள் சனிக்கிழமையும் வேலைக்குப் போகவேண்டிய தொழிலாளர்கள். ஆட்டத்துக்காக வேலையை விட்டு வந்தால் அன்றைய கூலி போய்விடும் என்பதால், இழந்த கூலியைக் கிளப்புகள் ஈடுகட்ட அனுமதி வேண்டும் என்று அவர்கள் தரப்பில் கேட்கப்பட்டது. பணம் வாங்காமல் ஆடுவதே முறை என்று கருதிய நிர்வாகிகள் அதை மறுத்தார்கள். 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய வடக்குக் கிளப்புகள் தனியே பிரிந்து போயின. அப்படிப் பிரிந்த ஆட்டம் 1906 இல் அணிக்கு 15 பேர் என்பதை 13 ஆகக் குறைத்துக்கொண்டது. பின்னாளில் ஓர் அணி ஆறு முறை பிடிபட்டதும் பந்தை எதிரணியிடம் கொடுத்துவிட வேண்டும் என்ற விதியும் வந்தது. அதுதான் லீக். பழைய ஆட்டமான யூனியன் 1995 இல்தான் சம்பளம் வாங்கி ஆடுவதை ஏற்றுக்கொண்டது. அந்த நூறாண்டுகளில் காசுக்காக லீக்குக்குப் போன யூனியன் ஆட்டக்காரர் திரும்பி வர முடியாது, போனவர் போனவர்தான்.

ஃபாரெல் 1975 மே 30 அன்று விகனில் பிறந்தார். முன்பு லங்காஷயரைச் சேர்ந்திருந்த அந்த ஊரின் லீக் அணி அவர் சிறுவனாக இருந்தபோது இங்கிலாந்தையே ஆண்டுகொண்டிருந்தது. 1988 முதல் 1995 வரை சேலஞ்ச் கோப்பையை ஆண்டு தவறாமல் எட்டு முறை வென்ற அணி அது. அந்த அணிக்காக அவர் 1991 நவம்பரில் முதன்முறையாகக் களமிறங்கியபோது வயது 16. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் மகன் ஓவன் பிறந்திருந்தான். பள்ளிப் பருவம் முடியும் வயதில் தகப்பனாகவும் தொழில்முறை ஆட்டக்காரராகவும் ஆன ஒருவர், மற்றவர்கள் இருபத்தைந்தில் கற்கும் பொறுப்பை அப்போதே கற்றிருப்பார் என்று நினைக்கிறேன். 18 வயது நிறைவதற்குள் 1993 சேலஞ்ச் கோப்பை இறுதியாட்டத்தில் விட்னஸ் அணியை வென்ற விகன் அணியில் இருந்தார். அதே ஆண்டின் இறுதியில் கிரேட் பிரிட்டன் அணியில் இடம்பிடித்தார். 1996 இல், 21 வயதில், அந்த அணிக்குத் தலைவரானார். அந்த வயதில் வேறு யாரும் அதுவரை தலைவரானதில்லை. லீக்கின் உயரிய தனிநபர் விருதான ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ 1996, 2004 என இருமுறை அவருக்குக் கிடைத்தது. உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான கோல்டன் பூட் விருதும் 2004 இல் வந்தது. விகனுக்காக அவர் எடுத்த புள்ளிகள் 3,000 க்கும் மேல். லீக்கின் முதன்மைப் போட்டியான சூப்பர் லீக்கின் முதல் இறுதியாட்டம் 1998 இல் ஓல்டு டிராஃபோர்டில் நடந்தபோது, லீட்ஸ் அணியை 10-4 என்று வென்ற விகனின் தலைவர் அவரே. ஜேசன் ராபின்சன் ஒரு டிரை போட (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பதுதான் டிரை), மீதி ஆறு புள்ளிகளை ஃபாரெல் உதைத்தே எடுத்தார்.

இந்தக் கணக்குகளை எல்லாரும் சொல்வார்கள். பயிற்சியாளரைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், லீக் ஆட்டத்தில் தடுக்கும் பக்கம் நிற்பவர் என்ன செய்கிறார் என்பதைக் கிட்ட நின்று பார்க்கவேண்டும். ஃபாரெலின் வழக்கமான இடம் லூஸ் ஃபார்வர்டு. முன்வரிசைக்காரர்களின் உழைப்பும் பின்வரிசைக்காரர்களின் கைநுணுக்கமும் சேர்ந்து தேவைப்படும் இடம். எதிராளி பந்தோடு ஓடி வருகிறார். நீங்கள் தோளைக் கொடுத்து அவரை வீழ்த்துகிறீர்கள். உடனே அவரை விட்டு எழுந்து, முகத்தை எதிரணிப் பக்கமே வைத்துக்கொண்டு பத்து மீட்டர் பின்னுக்கு ஓடுகிறீர்கள். கீழே விழுந்தவர் எழுந்து பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டியதும், உங்கள் அணியின் வரிசை ஒரே கோடாக முன்னேறவேண்டும். வலப்பக்கத்தில் நிற்பவரைவிட நீங்கள் ஓரடி பிந்தினாலும் அங்கே ஓர் இடைவெளி விழும். அதன் வழியாகத்தான் எதிரணி நுழையும். இதையே ஆறு முறை, பிறகு மறுபடியும் ஆறு முறை, 80 நிமிடம் செய்யவேண்டும். கூட்டம் இதற்குக் கைதட்டாது. ஆனால் யார் எழத் தாமதிக்கிறார், யார் களைத்தபின் பேசுவதை நிறுத்திவிடுகிறார், யார் பக்கத்து ஆளை நம்பாமல் உள்ளே சாய்கிறார் என்பதெல்லாம் வரிசையின் நடுவில் நிற்பவனுக்குத் தெரிந்துவிடும். ஃபாரெல் இதைத் தம் உடம்பால் 14 ஆண்டுகள் படித்தார்.

யூனியனில் அந்தக் காலத்தில் இந்தப் படிப்பு இல்லை. அங்கே ஒருவர் பிடிபட்டால் இரு அணிகளின் முன்வரிசைக்காரர்களும் பந்துக்காக அந்தக் குவியலில் போய் விழுவார்கள். பின்வரிசைக்காரர்கள் ஆளுக்கொருவரைக் கணக்கு வைத்துக் காவல் காப்பார்கள். தற்காப்பு என்பது தைரியம் சம்பந்தப்பட்டது, கற்றுக்கொடுக்கத் தக்கதன்று என்ற எண்ணம்கூட இருந்தது. 1995 க்குப் பிறகு ஆட்டக்காரர்கள் முழுநேரத் தொழிலாளர்கள் ஆனதும், உடல் பெருத்து வேகம் கூடியதும், தற்காப்பைப் பாடமாக நடத்தத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். அவர்கள் லீக்கில்தான் இருந்தார்கள். ஆஸ்திரேலிய லீக் ஆட்டக்காரராக இருந்த ஜான் மகல்டன் யூனியன் அணிக்குத் தற்காப்புப் பயிற்சி அளிக்க, 1999 உலகக் கோப்பையை வென்ற ஆஸ்திரேலியா அந்தத் தொடர் முழுவதிலும் ஒரே ஒரு டிரையைத்தான் விட்டுக்கொடுத்தது. 2003 இல் இங்கிலாந்து உலகக் கோப்பையை வென்றபோது அதன் தற்காப்பைக் கவனித்தவர் ஃபில் லார்டர். 1996 இல் ஃபாரெல் தலைமை தாங்கிய கிரேட் பிரிட்டன் லீக் அணிக்குப் பயிற்சியாளராக இருந்தவரும் இதே லார்டர்தான். விகனில் ஃபாரெலின் சக ஆட்டக்காரரான ஷான் எட்வர்ட்ஸ் வேல்ஸின் தற்காப்பை ஏற்றுக்கொண்ட 2008 ஆம் ஆண்டில், அந்த அணி, ஆறு ஐரோப்பிய நாடுகள் ஆண்டுதோறும் மோதும் சிக்ஸ் நேஷன்ஸ் தொடர் முழுவதும் இரண்டே டிரைகளை விட்டுக்கொடுத்து ஐந்து ஆட்டங்களையும் வென்றது. எனவே ஃபாரெல் நடந்த பாதையை அவருக்கு முன்பே சிலர் போட்டுவைத்திருந்தார்கள்.

ஆனால் அவர் யூனியனுக்கு வந்தது பயிற்சி அளிக்க அல்ல, ஆடுவதற்கு. 2005 இல் சாரசென்ஸ் கிளப் அவரை ஒப்பந்தம் செய்தபோது வயது முப்பதைத் தொட்டிருந்தது. வந்ததும் காயம், அதன்மேல் காயம். முதல் ஆட்டத்துக்கே 2006 செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இடம் எது என்பதிலும் குழப்பம் இருந்தது. முன்வரிசையில் ஃபிளாங்கராக ஆடுவதா, பின்வரிசையில் சென்டராக ஆடுவதா என்று கிளப்பும் இங்கிலாந்தும் முடிவுசெய்யத் திணறின. 2007 பிப்ரவரியில் ஸ்காட்லாந்துக்கு எதிராக இங்கிலாந்துக்கு ஆடினார். அவ்வாண்டு உலகக் கோப்பைக்கும் போனார். தென்னாப்பிரிக்காவிடம் 36-0 என்று தோற்ற அணியிலும் இருந்தார். எட்டு ஆட்டங்களோடு சர்வதேச யூனியன் வாழ்வு முடிந்தது. 2009 இல் ஆடுவதையும் நிறுத்திக்கொண்டார்.

இந்த நான்கு ஆண்டுகளைத் தோல்வி என்று ஒரு வரியில் எழுதிவிட்டுக் கடந்து போவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓர் ஆட்டத்தில் உலகின் முதல்வனாக இருந்தவன், அதற்கடுத்த ஆண்டுகளில் இன்னோர் ஆட்டத்தில் இருபது வயதுப் பையன்களிடம் விதி கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலைக்கு வந்தான். குவியலில் எப்போது நுழையவேண்டும், எப்போது விலகி நிற்கவேண்டும், நடுவர் எந்தக் கையைக் குற்றமாக எடுத்துக்கொள்வார் என்பதெல்லாம் சிறுவயதிலிருந்து யூனியன் ஆடியவனுக்குச் சொல்லாமலே தெரியும். அதனாலேயே அவனால் அதைப் பிறருக்கு விளக்கிச் சொல்ல முடிவதில்லை. முப்பது வயதில் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கற்றவனுக்கு, எந்தப் படியில் மாணவன் தடுக்கி விழுவான் என்பது நன்றாகத் தெரிந்திருக்கும். மொழியை வயதுவந்தபின் கற்றவர் நல்ல இலக்கண ஆசிரியராக அமைவதுண்டல்லவா, அதைப்போல.

சாரசென்ஸ் கிளப்பிலேயே அவர் பயிற்சியாளராகத் தொடங்கினார். 2011 இல் லெஸ்டர் அணியை 22-18 என்று வென்று அந்தக் கிளப் முதன்முறையாக இங்கிலாந்தின் பிரிமியர்ஷிப் பட்டத்தைப் பெற்றபோது, பயிற்சிக் குழுவில் தந்தை இருந்தார். களத்தில், ஆட்டத்தை வழிநடத்தும் ஃபிளை-ஹாஃப் இடத்தில் 19 வயது ஓவன் ஆடினார். அதற்கு அடுத்த ஆண்டே ஸ்டூவர்ட் லங்காஸ்டரின் இங்கிலாந்துப் பயிற்சிக் குழுவில் சேர்ந்தார். 2012 டிசம்பர் 1 அன்று அந்த அணி நியூசிலாந்தை 38-21 என்று வென்றது. 2013 இல் ஆஸ்திரேலியாவில் தொடரை வென்ற லயன்ஸ் அணிக்கும் அவரே தற்காப்புப் பயிற்சியாளர். எல்லாம் ஏறுமுகமாக இருந்தது.

2015 உலகக் கோப்பையில்தான் அடி விழுந்தது. சொந்த மண்ணில் வேல்ஸிடம் 28-25 என்றும் ஆஸ்திரேலியாவிடம் 33-13 என்றும் தோற்ற இங்கிலாந்து, முதல் சுற்றோடு வெளியேறியது. போட்டியைத் தனியாக நடத்தும் நாடு அப்படி வெளியேறியது அதுவே முதல் முறை. அந்தத் தோல்வியில் ஃபாரெலின் பெயர் மிகுதியாக அடிபட்டதற்குக் காரணம் சாம் பர்ஜெஸ். லீக்கிலிருந்து ஓராண்டுக்கு முன்புதான் வந்த பர்ஜெஸை அவருடைய கிளப்பான பாத் ஃபிளாங்கராக ஆடவைத்துக்கொண்டிருக்க, இங்கிலாந்து அவரை வேல்ஸுக்கு எதிராகச் சென்டராக இறக்கியது. இதற்குப் பின்னால் இருந்தவர் ஃபாரெல்தான் என்று பலரும் நம்பினார்கள். யார் சொல்லி நடந்தது என்பதைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று: ஃபிளாங்கரா, சென்டரா என்ற அதே குழப்பத்தில் தம் கடைசிக் காலத்தை இழந்த ஒருவர் இருந்த பயிற்சிக் குழுவில், அதே குழப்பம் இன்னொரு லீக் ஆட்டக்காரருக்கு நேர்ந்தது. அந்த முடிவு தவறு என்றே இன்றும் கருதுகிறேன். லங்காஸ்டர் விலகினார், புதிதாக வந்த எடி ஜோன்ஸ் பழைய குழுவை வைத்துக்கொள்ளவில்லை, ஃபாரெலுக்கு வேலை போயிற்று.

அயர்லாந்து அவரை 2016 தொடக்கத்தில் தற்காப்புப் பயிற்சியாளராக எடுத்துக்கொண்டது. அவருக்கு முன் அந்தப் பொறுப்பில் இருந்த லெஸ் கிஸ் ஆஸ்திரேலிய லீக் ஆட்டக்காரர். அதற்கும் முன்னர் அதே வேலையைப் பார்த்தவர்களில் மைக் ஃபோர்டும் லீக்கிலிருந்து வந்தவர். ஆகவே லீக்காரர் ஒருவர் வந்து சொல்வதைக் கேட்கும் பழக்கம் டப்ளினில் ஏற்கெனவே இருந்தது. தலைமைப் பயிற்சியாளர் ஜோ ஷ்மிட் நுணுக்கத்துக்குப் பெயர்போனவர். அந்த ஆண்டு நவம்பர் 5 அன்று சிகாகோவில் அயர்லாந்து நியூசிலாந்தை 40-29 என்று வென்றது. 1905 இல் முதன்முதலாக மோதியதிலிருந்து 111 ஆண்டுகளில் கிடைத்த முதல் வெற்றி அது. தற்காப்பு என்ற கண்ணோடு பார்த்தால் அதைவிடப் பெரிய ஆட்டம் 2018 நவம்பரில் டப்ளினில் நடந்தது: 16-9 என்று அயர்லாந்து வென்ற அன்று நியூசிலாந்தால் ஒரு டிரைகூடப் போட முடியவில்லை.

2019 உலகக் கோப்பைக்குப்பின் ஷ்மிட் விலக, ஃபாரெல் தலைமைப் பயிற்சியாளரானார். முதல் ஓராண்டுக்குமேல் அணி தள்ளாடியது. 2021 சிக்ஸ் நேஷன்ஸில் முதல் இரண்டு ஆட்டங்களும் தோல்வி. தற்காப்பு சொல்லிக்கொடுக்கத்தான் இவர் லாயக்கு, தலைமைக்கு ஆகமாட்டார் என்று எழுதியவர்கள் உண்டு. ஆனால் அதன்பின் வெளிவந்த அயர்லாந்தின் பெருமை தாக்குதலில் இருந்தது. பெரிய உடம்புக்காரர்களான டேய்க் ஃபர்லாங், ஆண்ட்ரூ போர்ட்டர் போன்ற முன்வரிசைக்காரர்கள், பந்தைப் பெற்றதும் தலையைக் குனிந்து மோதாமல், எதிராளி தம்மைத் தொடும் தூரம்வரை வந்தபின் பக்கவாட்டிலோ முதுகுக்குப் பின்னாலோ நிற்பவருக்குக் கைமாற்றிக் கொடுத்தார்கள். விகனின் லூஸ் ஃபார்வர்டு ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது பழகிய காட்சி. தாக்குதலைக் கவனித்த மைக் கேட்டுக்கும் இதில் பங்குண்டு. ஆனாலும் எதிர்வரிசையில் நிற்பவனின் மனத்தைத் தெரிந்தவன் வகுத்த தாக்குதல் அது என்பது என் கருத்து: எந்த இடத்தில் தடுப்பவன் முடிவெடுக்கத் திணறுவான் என்று அறிந்தவனே அந்த இடத்துக்குப் பந்தை அனுப்பச் சொல்வான்.

பலன்கள் தொடர்ந்து வந்தன. 2022 ஜூலையில் நியூசிலாந்தில் முதல் ஆட்டத்தை 42-19 என்று இழந்தபின் அடுத்த இரண்டையும் வென்று, அங்கே தொடரை வென்ற முதல் அயர்லாந்து அணியானது. 2023 சிக்ஸ் நேஷன்ஸில் ஐந்து ஆட்டங்களையும் வென்று கிராண்ட் ஸ்லாம்; உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்காவை 13-8 என்று வென்றது; தொடர்ந்து 17 ஆட்டங்களில் தோல்வியே இல்லை. உலக ரக்பியின் 2023 ஆம் ஆண்டுக்கான சிறந்த பயிற்சியாளர் விருதும் அவருக்கே.

ஆயினும் அவ்வாண்டின் அக்டோபர் 14 ஆம் தேதியை மறக்க முடியவில்லை. பாரிஸில் கால் இறுதி. நம் நேரப்படி நள்ளிரவு 12:30 க்குத் தொடங்கியது. 28-24 என்று நியூசிலாந்து முன்னிலையில் இருக்க, கடைசி நிமிடங்களில் பந்து அயர்லாந்திடம். பந்தை விட்டால் ஆட்டம் முடிந்தது. ஒருவர் பிடிபட, பந்து அடுத்தவர் கைக்கு வர, அவரும் பிடிபட, இப்படி 37 முறை. நியூசிலாந்தின் கறுப்புச் சட்டைக்காரர்கள் விழுந்து எழுந்து, குவியலுக்குள் போகாமல், ஒரே கோடாக மறுபடி மறுபடி முன்னேறினார்கள்; ஒருவரும் பிந்தவில்லை, ஒரு குற்றமும் இழைக்கவில்லை. இறுதியில் சாம் வைட்லாக் குனிந்து பந்தைக் கைப்பற்றினார். ஃபாரெல் வாழ்நாளெல்லாம் சொல்லிக்கொடுத்த வேலையை, அவருடைய அணிக்கு எதிராக, வேறோர் அணி குறையின்றிச் செய்து காட்டியது. உலகக் கோப்பையில் கால் இறுதியைத் தாண்டியதில்லை என்ற அயர்லாந்தின் குறை அன்றும் தீரவில்லை. அந்த அணியை நேசித்தவர்களில் பலருக்கு அன்றிரவு தூக்கமில்லை, எனக்கும் இல்லை.

அடுத்த ஆண்டு சிக்ஸ் நேஷன்ஸ் பட்டத்தை மீண்டும் வென்றார். 2025 இல் லயன்ஸ் தலைமைப் பயிற்சியாளராக ஆஸ்திரேலியா போனார். எதிரணிக்குப் பயிற்சியாளர் பழைய ஜோ ஷ்மிட். பிரிஸ்பேனில் 27-19, மெல்போர்னில் 23-5 என்று பின்தங்கியிருந்து, கடைசி நிமிடத்தில் ஹியூகோ கீனன் போட்ட டிரையால் 29-26, அத்துடன் தொடர் வசமானது. சிட்னியில் நடந்த மூன்றாம் ஆட்டம் தோல்வி. காயமடைந்த ஒருவருக்குப் பதிலாக மகன் ஓவனை அழைத்ததற்காக அவர் விமர்சனத்துக்கு ஆளானார். அத்தகைய கேள்வி எழுவது நியாயமே. ஆனால் இங்கிலாந்துக்கு நூறு ஆட்டங்களுக்குமேல் ஆடிய, உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் அந்த அணிக்குத் தலைமை தாங்கிய ஓர் ஆட்டக்காரரைத் தந்தையின் பெயரால் வந்தவர் என்று சொல்வது பொருந்தாது.

இனி வருபவர்களைப் பற்றிய உங்கள் கேள்விக்கு: வழி அடைபடவில்லை, ஆனால் குறுகிவிட்டது. கால் நூற்றாண்டில் யூனியன் லீக்கிடமிருந்து கற்கவேண்டியதைப் பெரும்பாலும் கற்றுவிட்டது. இப்போது யூனியனிலேயே வளர்ந்த தற்காப்புப் பயிற்சியாளர்கள் வந்துவிட்டார்கள். லீட்ஸ் அணியோடு ஏழு முறை சூப்பர் லீக் பட்டம் வென்ற கெவின் சின்ஃபீல்டு, லெஸ்டர் கிளப் 2022 இல் பட்டம் வென்றபோது தற்காப்பைக் கவனித்து, அங்கிருந்து இங்கிலாந்து அணியின் பயிற்சிக் குழுவுக்குப் போனார். ஆஸ்திரேலிய யூனியன் அணிக்கு ஷ்மிட்டுக்குப்பின் தலைமைப் பயிற்சியாளராக 2025 இல் அறிவிக்கப்பட்டவர், டப்ளினில் ஃபாரெலுக்கு முன் அதே தற்காப்புப் பொறுப்பில் இருந்த லெஸ் கிஸ்.